மழை பெய்யும் பிரிண்ட்டுகள்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவின் பழைய 'கிரைண்ட்ஹவுஸ்' படங்களையும், இன்று அவற்றுக்கு மரியாதை செய்து எடுக்கப்படும் படங்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கிரைண்ட்ஹவுஸ் என்பது படத்தின் வகையா, தியேட்டரின் பெயரா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே. (பாளையங்கோட்டை வாசகர்)

முதலில் தியேட்டர், பிறகுதான் படம். நியூயார்க்கில் 42ஆம் தெருவில், 7ஆம் அவென்யூவுக்கும் 8ஆம் அவென்யூவுக்கும் நடுவே வரிசையாகத் தியேட்டர்கள் இருந்தன. காலையில் ஆரம்பித்தால் நள்ளிரவு தாண்டியும் இடைவிடாமல் ஓட்டுவார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம், சில இடங்களில் மூன்று. பாதிப் படத்தில் நுழைந்து, அடுத்த சுற்றில் விட்ட பாதியைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஊருக்கு வெளியே, காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகளிலும் இதே இரட்டைப் படக் கணக்குதான். 1954இல் தொடங்கிய அமெரிக்கன் இண்டர்நேஷனல் பிக்சர்ஸ் போன்ற கம்பெனிகள், ஜோடியாக விற்பதற்கென்றே படம் எடுத்தன. 1968இல் ஹாலிவுட்டின் பழைய தணிக்கை விதிகள் போய் வயதுச் சான்றிதழ் முறை வந்ததும் ரத்தமும் சதையும் திரையில் தாராளமாயின.

இந்தப் படங்களில் பலவற்றுக்கு மிகக் குறைந்த பிரிண்ட்டுகளே, அதாவது தியேட்டரில் ஓட்டும் ஃபிலிம் பிரதிகளே போட்டார்கள். அதே பெட்டி ஊர் ஊராகப் போகும். போகிற இடத்தில் எல்லாம் ஒரு கீறல், அறுந்த ஃபிலிமைச் சேர்த்த ஒரு ஒட்டு. படம் ஓடி ஓய்ந்ததும் விநியோகஸ்தர் வேறு பெயர் வைத்து மறுபடி இறக்குவார். ஜோடி சேர்ப்பதிலும் இதே சாமர்த்தியம்தான். 'ஐ டிரிங்க் யுவர் பிளட்' என்ற புதுப் படத்துக்குத் துணை வேண்டியிருந்தது. 1964இல் எடுத்து விற்காமல் கிடந்த ஒரு படத்தைத் தேடிப்பிடித்து, 'ஐ ஈட் யுவர் ஸ்கின்' என்று பெயர் மாற்றி இரண்டையும் ஒன்றாக விற்றார்கள். கேட்டவுடன் ஜோடி என்று தோன்றும். உள்ளே இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு குவென்டின் டாரன்டினோவின் 2007 படமான 'டெத் ப்ரூஃப்' தொடக்கத்தைப் பாருங்கள். 'தண்டர் போல்ட்' என்று ஒரு தலைப்பு கண்சிமிட்டும் நேரம் வந்து போகும். உடனே வெட்டு, வெறும் கறுப்புப் பின்னணியில் 'டெத் ப்ரூஃப்'. யாரோ ஒரு விநியோகஸ்தர் பழைய தலைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை ஒட்டியிருக்கிறார், வெட்டியதில் சில ஃபிரேம் மிச்சமாகிவிட்டது என்பதுதான் அந்த ஒரு நொடியின் கதை.

2007இல் வந்த 'கிரைண்ட்ஹவுஸ்' ஏன் ஓடவில்லை? இப்போது எந்தப் பதிப்பைப் பார்ப்பது? (சேலம் வாசகி)

ராபர்ட் ரோட்ரிகஸின் 'பிளானட் டெரர்', டாரன்டினோவின் 'டெத் ப்ரூஃப்', முன்னும் நடுவிலுமாக இல்லாத படங்களுக்கு எடுத்த போலி டிரெய்லர்கள் என எல்லாம் சேர்ந்து 191 நிமிடம். 2007 ஏப்ரல் 6, புனித வெள்ளியன்று அமெரிக்காவில் வெளியானது. மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றால் ஒரு நாளில் ஒரு காட்சி குறையும். ஈஸ்டர் வார இறுதியில் குடும்பத்தோடு போகிற படமும் இல்லை. முதல் வார இறுதியில் சுமார் 1.16 கோடி டாலர்தான் வந்தது. முதல் படம் முடிந்ததும் காட்சியே முடிந்துவிட்டதென்று எழுந்து போனவர்கள் உண்டு என அப்போது செய்திகள் வந்தன. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் பார்த்த பழக்கமே அந்தத் தலைமுறைக்கு இல்லை.

மற்ற பல நாடுகளில் இரண்டையும் பிரித்து, நீளம் கூட்டித் தனித்தனியாக வெளியிட்டார்கள். அவற்றைத் தவிர்த்துவிட்டு, தியேட்டரில் ஓடிய முழுப் பதிப்பையே தேடுங்கள். 2010இல் புளூ-ரேயில் வந்தது. காரணம் உண்டு. தியேட்டர் பதிப்பில் 'டெத் ப்ரூஃப்' நடுவே ஒரு நடனக் காட்சி வரப்போகும் இடத்தில் 'ரீல் காணவில்லை' என்று அட்டை போட்டு, படம் தாவிவிடும். நீளப் பதிப்பில் அந்த நடனம் முழுசாக இருக்கிறது. எதிர்பார்க்க வைத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வதில்தான் அந்த இடத்தின் சுகமே. முழுசாகக் காட்டினால் அது இன்னொரு நடனம், அவ்வளவுதான்.

15 நிமிடக் குறும்படம் ஒன்றை டிஜிட்டலில் எடுத்து, 1970களின் பிரிண்ட் மாதிரி ஆக்க விரும்புகிறோம். எடிட்டிங் மென்பொருளில் 'பழைய ஃபிலிம்' எஃபெக்ட் போட்டால் பொம்மை மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு? (கோவை, குறும்படக் குழு)

அந்த எஃபெக்ட் ஒவ்வொரு ஃபிரேமிலும் இஷ்டத்துக்குக் கீறலைத் தூவுகிறது. நிஜ பிரிண்ட்டில் எந்தக் கீறலும் சும்மா வராது. யார் கை பட்டது, எந்த உருளை தேய்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணத்தைப் பிடித்தால் தோற்றம் தானாக வரும்.

முதலில் ஒரு முடிவு எடுங்கள். உங்கள் படம் 1974இல் எடுத்து 1974லேயே தியேட்டரில் ஓடுகிற பிரிண்ட்டா, அல்லது 1974 பிரிண்ட் இன்று கிடங்கிலிருந்து கிடைத்ததா? இரண்டும் வேறு வேறு. கீறலும் ஒட்டும் ஒரே வாரத்தில் விழும். ஆனால் படம் முழுக்க இளஞ்சிவப்பாக வெளுப்பதற்குப் பல வருடம் ஆகும். 1980களின் தொடக்கம் வரை புழங்கிய ஈஸ்ட்மேன் கலர் பிரிண்ட்டுகளில் நீலப்பச்சைச் சாயம் (சயான்) முதலில் போகும், மஞ்சள் அடுத்து; கருஞ்சிவப்பு (மெஜந்தா) மட்டும் நிற்கும். அன்றைய ரசிகர் திரையில் அந்தச் சிவப்பைப் பார்க்கவில்லை, நாம்தான் பார்க்கிறோம். சிவப்பு வேண்டுமென்றால் நிழல் பகுதிகளில் ஏற்றுங்கள், கறுப்பு பழுப்புச் சிவப்பாகட்டும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும். பிரிண்ட்டில் சாயம் அடர்ந்திருப்பது இருட்டில்தான், அதனால் வெளுப்பும் அங்கேதான் தெரியும். படம் முழுக்கச் சிவப்புக் கண்ணாடி மாட்டியது போல் அடித்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

படப்பிடிப்பில் நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 1/48 அல்லது 1/50. டிராலிக்குப் பதில் ஜூம். வெளிச்சம் நேரடியாக, முரடாக இருக்கட்டும். எடிட்டிங்கைச் சுத்தமாக முடித்த பிறகே பழசாக்கும் வேலையில் கை வையுங்கள்.

அடுத்து ரீல் கணக்கு. 35 மி.மீ. ஃபிலிமில் 1,000 அடி என்றால் 11 நிமிடம், 2,000 அடி என்றால் 22 நிமிடம். உங்கள் 15 நிமிடத்தை 8, 7 என்று இரண்டு ரீலாகப் பிரியுங்கள். ஆபரேட்டர் ஃபிலிமைக் கையால் மாட்டுவதும் கழற்றுவதும் ரீலின் தலையிலும் வாலிலும்தான். அதனால் சேதமும் அங்கேதான் குவியும். ஒவ்வொரு ரீலின் முதல் 30 நொடியும் கடைசி 30 நொடியும் படாத பாடு படட்டும். நடுப்பகுதி ஓரளவு சுத்தமாக இருக்கட்டும். முதல் ரீல் முடிய 8 நொடி இருக்கும்போது வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி, 4 ஃபிரேம் மட்டும். அது இரண்டாவது புரொஜெக்டரை ஓடவிடச் சொல்லும் குறி. முடிய 1 நொடி இருக்கும்போது இன்னொரு புள்ளி, ரீலை மாற்றச் சொல்லும் குறி.

கோடுகள், அதாவது நாம் 'படத்தில் மழை பெய்கிறது' என்போமே, அதற்கும் நிறம் உண்டு. கலர் பிரிண்ட்டில் சாய அடுக்குகள் மேலிருந்து கருஞ்சிவப்பு, நீலப்பச்சை, மஞ்சள் என்ற வரிசையில் இருக்கும். மேலாகக் கீறினால் கருஞ்சிவப்பு மட்டும் உரிந்து, கோடு பச்சையாகத் தெரியும். இன்னும் ஆழமானால் மஞ்சள். மூன்றும் போனால் வெள்ளை. மறுபக்கத்தில், சாயமில்லாத பளபளப்புப் பக்கத்தில் விழும் கீறல் கறுப்பாகத் தெரியும். அழுக்கிலும் இதே மாதிரி வேறுபாடு. நெகட்டிவில் ஒட்டிய தூசு திரையில் வெள்ளைப் புள்ளி. பிரிண்ட்டில் ஒட்டிய தூசு கறுப்புப் புள்ளி. பெரும்பாலான போலிகளில் எல்லாக் கோடும் வெள்ளை. பச்சைக் கோடு இரண்டு சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் அப்போதே தெரியும்.

உருளையில் சிக்கிய துகள் போடும் கோடு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்கூட ஒரே இடத்தில், லேசாக அலைந்தபடி நிற்கும். ஷாட் மாறினாலும் கோடு மாறாது, ஏனென்றால் கீறல் விழுந்தது எடிட் முடிந்த பிரிண்ட்டில். புரொஜெக்டர் கேட்டில், அதாவது ஃபிலிம் ஒளிக்கு முன்னால் வந்து நிற்கும் சிறு ஜன்னலில், சிக்கிய முடியும் அப்படியே ஷாட் தாண்டி நிற்கும். கேமரா கேட்டில் சிக்கிய முடியானால் அந்த ஷாட்டோடு போய்விடும்.

லேயர் வரிசை முக்கியம். அடியில் படமும் கிரெயினும் (ஃபிலிமின் நுண்புள்ளிகள்). அதன்மேல் நெகட்டிவ் தூசு. அதன்மேல் பிரிண்ட் கீறலும் அழுக்கும். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டம் கொடுங்கள். 1,920 பிக்சல் அகலத்துக்கு 2 அல்லது 3 பிக்சல், மெதுவாக, போதும். புரொஜெக்டர் முடி மட்டும் இந்த ஆட்டத்துக்கு வெளியே, அசையாமல், படச் சட்டத்தின் ஓரத்தில். முடியும் சேர்ந்து ஆடினால் அது கேட்டில் சிக்கிய முடியாக இருக்காது.

படம் எரியும் காட்சி வைப்பதானால், முதலில் ஃபிரேம் உறைய வேண்டும். ஓடுகிற ஃபிலிம் எரியாது. நின்ற ஃபிலிமில்தான் விளக்கின் சூடு பழுப்புக் கொப்புளமாகக் கிளம்பிப் பரவும்.

அதே படத்தில் ஒட்டு வரும் இடத்துக்கு 'டப்' என்று ஒரு சத்தம் சேர்த்தோம். ஒட்டவே இல்லை. (அதே குழு)

வெட்டும் இடத்திலேயே சத்தத்தை வைத்திருப்பீர்கள். 35 மி.மீ. புரொஜெக்டரில் ஃபிலிம் முதலில் படக் கேட்டைக் கடந்து, அதன்பிறகுதான் ஒலி படிக்கும் இடத்துக்கு வரும். இரண்டுக்கும் இடையே 20 ஃபிரேம் தூரம். ஆகவே படம் குதித்து 20 ஃபிரேம் கழித்து, அதாவது ஏறக்குறைய 0.8 நொடி கழித்து 'டப்' கேட்க வேண்டும்.

இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். ஃபிலிம் அறுந்தபோது ஆபரேட்டர் 8 ஃபிரேம் வெட்டி ஒட்டினார் என்று வையுங்கள். படத்தில் 8 ஃபிரேமை எடுத்துவிடுங்கள். ஒலியில் அதே இடத்தில் எடுக்காமல், 20 ஃபிரேம் தள்ளி 8 ஃபிரேம் நீளத்தை எடுங்கள். நடுவில் உள்ள அந்த இடைவெளியில் உதடு ஒலியைவிட 8 ஃபிரேம் முந்தி ஓடும். பிறகு தானே சேர்ந்துகொள்ளும். பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் நம்பிவிடுவார். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது இதை வையுங்கள்; சும்மா நடந்து போகும் காட்சியில் வைத்தால் வீண்.

மொத்த ஒலியையும் மோனோவாக்கி (ஒரே தடமாக்கி), 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். கரகரப்பு ரீல் முனைகளில் கூடட்டும்.

போலி டிரெய்லர் எடுப்பது சுலபம் என்று நினைத்தோம். சிரிப்பு வருகிறது, பயம் வரவில்லை. (திருச்சி, கல்லூரி மாணவர்)

சிரிப்பதற்காக எடுத்தால் சிரிப்புதான் வரும். அந்தக் கால டிரெய்லர் ஒரு விற்பனைக்காரரின் குரல். கொஞ்சம் பொய் சொல்லும், ஆனால் முழு நம்பிக்கையோடு சொல்லும். 'கிரைண்ட்ஹவுஸ்' இடைவேளையில் வந்த எட்கர் ரைட்டின் 'டோன்ட்' இதற்கு நல்ல பாடம். அதில் பாத்திரங்கள் பேசுவதே இல்லை. காரணம், பிரிட்டிஷ் திகில் படங்களை அமெரிக்காவில் விற்கும்போது, வெளிநாட்டுப் படம் என்று உச்சரிப்பில் தெரிந்துவிடக் கூடாதென்று டிரெய்லரில் வசனத்தையே மறைத்துவிடுவார்கள். ரைட் அந்த வியாபாரத் தந்திரத்தை எடுத்துக்கொண்டு, 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லை அறிவிப்பாளர் திரும்பத் திரும்பச் சொல்வதிலேயே டிரெய்லரைக் கட்டிவிட்டார். கதவைத் திறக்க நினைத்தால், வேண்டாம். உள்ளே போக நினைத்தால், வேண்டாம். பழைய லென்ஸ்களில் எடுத்து, ஃபிலிமை இரும்பு நாரால் தேய்த்து, கார் நிறுத்துமிடத்துத் தரையில் இழுத்துப் பழசாக்கினார்.

நீளம் இரண்டு நிமிடத்துக்குள். தலைப்பைக் குறைந்தது நான்கு முறை சொல்லுங்கள். கதையைச் சொல்லாதீர்கள், ஒரு சூழ்நிலை போதும். ஒரே ஒரு காட்சியையாவது நிஜமாகவே பயமுறுத்தும்படி, எந்தக் கிண்டலும் இல்லாமல் எடுத்துவிடுங்கள். மற்றதை அது தாங்கும்.

அப்படிப் போலியாக எடுத்தவையே முழுப் படமானதும் உண்டு. 'மாசெட்டே' 2010இல், 'ஹோபோ வித் எ ஷாட்கன்' 2011இல், ஈலை ராத்தின் 'தேங்க்ஸ்கிவிங்' 2023இல். கடைசிப் படத்தில் கீறல், வெளுப்பு எதுவும் இல்லை. இன்றைய படம் போலவே எடுத்திருக்கிறார்கள். சரியான முடிவு. இரண்டு நிமிடம் தாங்கும் வேஷம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்காது.

மைக் படச் சட்டத்துக்குள் தொங்குவதும் மரியாதைதானா? (ஈரோடு வாசகர்)

'பிளாக் டைனமைட்' (2009) அதை வேண்டுமென்றே செய்தது, நன்றாகவே செய்தது. ஆனால் பழைய படங்களில் மைக் தெரிந்ததற்குப் பல நேரம் இயக்குநர் காரணமல்ல. ஃபிலிமில் பதிவான சட்டம் உயரமானது; தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து 1.85 விகிதத்தில் (அகலம் உயரத்தைப்போல் 1.85 மடங்கு) காட்டுவார்கள். மைக் அந்த மறைபடும் பகுதியில் இருக்கும். ஆபரேட்டர் சட்டத்தைத் தவறாக நிறுத்தினாலோ, வீடியோவில் மறைக்காமல் விட்டாலோ மைக் எட்டிப் பார்க்கும். எனவே வைப்பதானால் மேல் விளிம்பில் மட்டும், தலைக்கு மேல் நிறைய வெற்றிடத்தோடு வையுங்கள்.

ரத்தம் எப்படிக் கலப்பது? எங்களுடையது ஜாம் மாதிரி இருக்கிறது. (மதுரை வாசகி)

நீர்மம் போதவில்லை. திரவக் குளுக்கோஸ் 250 மி.லி., வெந்நீர் 50 மி.லி., சிவப்பு உணவு நிறம் 15 மி.லி., மஞ்சள் நிறம் கால் தேக்கரண்டி. கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தால் கோகோ பவுடர் அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்க்கவும். ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித்தின் புகழ்பெற்ற கலவையும் சோளப் பாகை அடிப்படையாகக் கொண்டதுதான். அதில் ஃபிலிம் கழுவப் பயன்படும் 'ஃபோட்டோ-ஃப்ளோ' திரவம் உண்டு, அது விஷம். அந்தப் பழைய குறிப்பைப் பார்த்துக் கலந்து வாயில் வைத்துவிடாதீர்கள்.

துணியில் படும் ரத்தத்தில் மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி சேருங்கள். பரவும், துவைத்தாலும் போகும். வாய்க்கான ரத்தத்தைத் தனிப் பாட்டிலில் எழுதி ஒட்டி வையுங்கள். மஞ்சள் விளக்கில் இந்த ரத்தம் ஆரஞ்சாகத் தெரியும், ஆகவே எந்த விளக்கில் எடுக்கிறீர்களோ அதிலேயே சோதித்து மஞ்சளைக் குறையுங்கள். சர்க்கரைப் பாகு என்பதால் எறும்பு வரும். தரையில் படுத்திருக்கும் 'பிணத்துக்கு'க் கீழே பிளாஸ்டிக் விரிக்காவிட்டால் நடிகர் எழுந்து ஓடுவார்.

நிறத்தில் ஒரு யோசனை. 1970களின் மலிவுப் படங்களில் ரத்தம் பளீரென்று பெயின்ட் சிவப்பு. இன்றைய கண்ணுக்கு அது தப்பாகத் தெரியும், ஆனால் அந்தக் காலத்துக்கு அதுதான் சரி. கரும்பழுப்பு ரத்தத்தோடு பச்சைக் கோடுகள் சேர்ந்தால் காலம் இடிக்கும்.

கீறலே இல்லாமல் மரியாதை செய்ய முடியாதா? (புதுச்சேரி வாசகர்)

முடியும், நம் பார்வையில் சிறந்தவை அவைதான். டை வெஸ்ட்டின் 'தி ஹவுஸ் ஆஃப் தி டெவில்' (2009) 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. உறைந்த ஃபிரேமின்மேல் மஞ்சள் எழுத்துகள், மெல்ல நகரும் ஜூம், ஒரு மணி நேரம் எதுவும் நடக்காத வீடு. பொறுமையைத்தான் அது பழைய படங்களிடமிருந்து கற்றிருக்கிறது. அன்னா பில்லரின் 'தி லவ் விட்ச்' (2016) 35 மி.மீ.; உடை, அரங்கப் பொருள் எனப் பலவற்றை இயக்குநரே தன் கையால் செய்தார். 2022இல் வெளிவந்த 'எக்ஸ்', 'பேர்ல்' இரண்டையும் வெஸ்ட் மறுபடி நியூசிலாந்தில் அடுத்தடுத்து எடுத்தார். முதலாவது 1979 டெக்சாஸில் நடப்பது, இரண்டாவது 1918இல். தனித்தனியாக வெளிவந்தாலும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டிய ஜோடி.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா? (சென்னை வாசகர்)

நேரடியாக இல்லை. நெருங்கி வருவது சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010). ஜெய்சங்கர் நடித்து கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா' போன்ற குதிரை, துப்பாக்கிப் படங்களின் வாசனை அதில் உண்டு.

கல்லூரி ஃபிலிம் கிளப்பில் இரட்டைப் படக் காட்சி நடத்தப்போகிறோம். எதில் கவனம் வேண்டும்? (தஞ்சாவூர், மாணவி)

உரிமையாளரிடம் திரையிடல் அனுமதி, வாசலில் 18 வயதுக் கட்டுப்பாடு. இவை இரண்டும் முதலில். பிறகு நேரம். இரண்டு படமும் ஒவ்வொன்றும் 90 நிமிடத்துக்குள் இருக்கட்டும். 8 நிமிட டிரெய்லர், முதல் படம், 12 நிமிட இடைவேளை, மறுபடி 4 நிமிட டிரெய்லர், இரண்டாம் படம். மாலை 6 மணிக்குத் தொடங்கினால் 9.30க்கு முன்பே விட்டுவிடலாம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள்.

பேச்சு அதிகமுள்ள, மெதுவான படத்தை முதலில் போடுங்கள். 'கிரைண்ட்ஹவுஸ்' மாற்றிச் செய்தது. ஜாம்பிகளும் வெடிகுண்டுமாக ஒன்றரை மணி நேரம் போன பிறகு, பெண்கள் உட்கார்ந்து நீளமாகப் பேசும் படம் வந்தது. அந்தப் பேச்சு அருமையானது, ஆனால் களைத்த காதில் விழுந்தது. இரண்டு படத்தின் ஒலியளவையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சமப்படுத்துங்கள். முதல் படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போதே 'இன்னும் ஒரு படம் இருக்கிறது' என்று திரையில் ஒரு அட்டை போடுங்கள். இடைவேளையில் விளக்கு பாதி வெளிச்சம் மட்டும். முழுசாகப் போட்டால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.